பதிவேற்றாத கட்டுரை

"'படிப்பை ஏம்மா பூட்டி வைக்கிறாங்க?'ன்னு போன வருஷம் எம் பொண்ணு கேட்டா மேடம். கம்ப்யூட்டர்ல ஒரு கட்டுரையைத் திறக்கப் பார்த்தேன். பணம் கட்டுன்னு பூட்டுப் படம் வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் கேட்டா. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

சௌம்யா சிரித்தபடி மடிக்கணினியைப் பேராசிரியர் தேவசேனாவின் பக்கம் திருப்பினாள்.

கொடைக்கானலில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள், தங்கள் பாடங்களையும் ஆய்வுகளையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாவரவியல் துறையில் அந்த வேலைக்குப் பொறுப்பு சௌம்யா. இன்று கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பதிவேற்றும் தளம் மூடிவிடும்.

தேவசேனா முப்பது வருடப் பாடங்களையும் கொடுத்துவிட்டார். மஞ்சளேறிய குறிப்பேடுகளைக்கூட அவரே உட்கார்ந்து படமெடுத்துத் தந்தார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. விதைப்பூண்டை அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டு, அழுகாமல் காப்பது பற்றிய கட்டுரை. வெளிநாட்டு இதழில் வந்து அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறப்போகும் அவருக்குப் பொன்னாடையும் கேடயமும் அதற்காகத்தான்.

"எல்லாத்தையும் குடுத்துட்டு இதை மட்டும் ஏன் மேடம் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"ஆயிரம் இருக்கேம்மா. இது ஒண்ணு போனா என்ன?"

"அட போங்க மேடம்! கல்யாண வீட்டுக்கு வந்துட்டு, மாப்பிள்ளையைத் தவிர மத்த எல்லாரையும் பாத்துக்கோங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

தேவசேனா சிரித்தார். ஆனால் கை கணினிப் பக்கம் போகவில்லை. நெற்றித் திருநீறு கலைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனசு சரியில்லாதபோது அவர் செய்வது அது.

துறைத் தொலைபேசி மணி அடித்தது. சௌம்யா எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வணக்கங்க. பூண்டு மேடம் இருக்காங்களா?"

சௌம்யா வாயைப் பொத்திக்கொண்டாள். தேவசேனா, "சொல்லுங்க, நான்தான்" என்றார்.

"என் பேரு ராஜமுருகனுங்க. கிளாவரையில இருந்து பேசுறேன். திருப்பூர்ல பனியன் கம்பெனில கெடந்தேன், இப்பத்தான் ஊருக்குத் திரும்பி வெள்ளாமையைக் கையில எடுத்திருக்கேன். விதைப்பூண்டு நாப்பது மூட்டை வச்சிருந்தேனுங்க. பாதி அழுகிப்போச்சு. மிச்சத்தையும் தொட்டாக் கொழகொழன்னு வருது. நடவுக்குப் பத்து நாளுதான் கெடக்கு."

"புகை போட்டீங்களா?"

"போட்டேங்க. எந்த வெறகு, எத்தனை நாளு, எம்புட்டு ஒசரத்துல கட்டணும், ஒண்ணும் வெளங்கல. வீட்டுல வெவரம் தெரிஞ்ச ஆளு இப்ப இல்ல. விவசாய ஆபீசுலதான் நீங்க அதப்பத்தி எழுதியிருக்கீங்கன்னு சொன்னாங்க. செல்லுல தேடுனா ஏதோ டாலர் கேக்குதுங்க."

"பார்க்கலாம்ப்பா" என்றார் தேவசேனா.

"கொஞ்சம் வெரசா பாருங்க மேடம். தபால்ல அனுப்புனாலும் சரி. ராக்காயி மகன்னு போட்டா யாராச்சும் கொண்டாந்து குடுத்துருவாங்க. ஆத்தா தவறி மூணு வருசமாச்சு, ஆனா ஊருல இன்னும் அது பேருதான்."

தேவசேனாவின் கை மறுபடி நெற்றித் திருநீற்றுக்குப் போனது. அந்தப் பக்கம் இரண்டு தடவை "மேடம்? மேடம்?" என்று கேட்டுவிட்டு இணைப்பு அறுந்தது.

சௌம்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாவம் மேடம் அந்த ஆளு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. யாராச்சும் உங்க ஆராய்ச்சியைத் திருடிடுவாங்கன்னு பயமா?"

"மணி என்ன?"

"அஞ்சே கால்."

"பெருமாள்மலை பஸ் போயிரும். கெளம்பு. பிள்ளை காத்துக்கிட்டு இருப்பா."

"கட்டுரை?"

"கெளம்புன்னு சொன்னேன்ல."

சௌம்யா பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "நீங்க இப்படின்னு நான் நினைக்கவே இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவளுடைய காலடிச் சத்தம் படிக்கட்டில் இறங்கி, மூடுபனிக்குள் ஓய்ந்தது.

தேவசேனா எழுந்து கதவைச் சாத்தினார். "முருகா" என்றார். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, கட்டுரையைத் திறந்தார்.

பதினெட்டுப் பக்கம், அவரே பெயர்த்து வைத்திருந்த தமிழில். விறகின் வகை, நாட்களின் கணக்கு, உயரம், காற்று வரும் திசை. எல்லாம் அதில் இருந்தது. ராஜமுருகன் இனி ஒரு காசு கொடுக்காமல் படிக்கலாம். வெள்ளிக்கிழமை பொன்னாடையை நினைத்தபோது மட்டும் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு பதிவேற்றும் படிவத்தில், 'திருத்திய பதிப்பு' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

கட்டுரையில் ஒரே ஓர் இடத்தில், 'உள்ளூர் விவசாயி ஒருவர் கூறியபடி' என்று இருந்தது. 'உள்ளூர் விவசாயி ஒருவர்' என்பதை அழித்தார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், நாற்பது நாள் தன் அடுப்படியில் உட்காரவைத்து, சோறும் போட்டு, அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னவளின் பெயரை அங்கே எழுதினார்.

பிறகு முதல் பக்கத்துக்குப் போய், 'ஆசிரியர்' என்ற இடத்திலிருந்து தன் பெயரையும் எடுத்துவிட்டு, 'ராக்காயி, கிளாவரை' என்று அடித்தார். அதன் கீழே சின்ன எழுத்தில், 'கேட்டு எழுதியவர்: தேவசேனா' என்று சேர்த்துவிட்டு, பொத்தானை அமுக்கினார்.