உவருக்கும் ஒரு தேத்தண்ணி

பர்மாப் போர்முனையில் பத்திரிகை நிருபராக இருந்த அருளம்பலம் ஒரு மத்தியானம் உரும்பிராயிலுள்ள தமது வீட்டுக்குத் திரும்பினார். படலையைத் திறந்ததும் மனைவி சிவக்கொழுந்து அழுதபடி ஓடிவந்தாள்.

“வந்திட்டியளே. உவரையும் உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ.”

உவர் என்றால் தமக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான். அருளம்பலம் திரும்பிப் பார்த்தார். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

உள்ளே அவள் இரண்டு பேணிகளில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஒன்றை அவருக்கு முன்னாலும் மற்றதைப் பக்கத்தில் ஒருவரும் உட்காராத வெறுங்கதிரைக்கு முன்னாலும் வைத்தாள்.

“ஆருக்கப்பா உது? நான் தனியத்தானே வந்தனான்,” என்றார்.

அவள் அந்நிய ஆணுக்கு முன்னால் நிற்பவள் போலச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவருக்குப் பதுங்குகுழி ஞாபகம் வந்தது. அவரும் படம்பிடிக்கும் பிலிப்பும் அதற்குள் இருந்தபோதுதான் குண்டு விழுந்தது. இருவரில் ஒருவரே தப்பினார் என்று அவர்தான் செய்தி எழுதினார். தணிக்கைக்காரர்கள் பெயர்களை வெட்டிவிட்டு அதை அனுப்பினார்கள். தப்பியவர் என்று யாருடைய பெயரை எழுதினோம்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அவர் நிமிர்ந்தபோது வெறுங்கதிரைக்கு முன்னிருந்த பேணியில் தேத்தண்ணி பாதியாகியிருந்தது. சிவக்கொழுந்து அந்தக் கதிரையின் பக்கம் குனிந்து நின்றாள். கண்கள் மட்டும் அருளம்பலத்தைப் பார்த்தன.

“இஞ்சாருங்கோ,” என்று கணவனைக் கூப்பிடும் குரலில் கதிரையிடம் மெல்லக் கேட்டாள், “உவர் ஏன் இன்னும் குடிக்காமல் இருக்கிறார்?”