நித்தியாவின் இடது கண்

நித்தியாவுக்கு ஏழு வயது. அவளுடைய இடது கண்ணில் இனிப் பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

நாயின் குடலில் வளரும் புழுதான் காரணமாம். அதன் முட்டை நாய்க் கழிவோடு மண்ணில் விழுந்து கிடக்கும். மண்ணில் விளையாடும் பிள்ளை கை கழுவாமல் வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். அங்கே பொரிந்து வரும் புழு சில பிள்ளைகளுக்குக் கண் வரைக்கும் ஏறிவிடும்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் அவளுடைய அப்பா கணேஸ்வரனுக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. பக்கத்து வீட்டு நல்லம்மாள்தான் நினைவுக்கு வந்தாள்.

நல்லம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். தனிக்கட்டை. எஸ்டேட்டில் நாதியற்றுத் திரிந்த ஐந்து நாய்களை வீட்டில் சேர்த்துச் சோறு போட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே கணேஸ்வரன் அவள் கேட்டில் போய் நின்றான். எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவன் அன்று கூப்பிடவில்லை.

"உங்க தெரு நாய்ங்க என் பிள்ளை கண்ணைத் தின்னுருச்சு."

மனைவி பிரேமலா கையைப் பிடித்து இழுத்தும் அவன் விடவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். நல்லம்மாள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அந்த நாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினான். எல்லாரும் போட்டார்கள். கோயிலில் நல்லம்மாள் வந்து நின்றால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

இரண்டு வாரம் தாங்கினாள். பிறகு ஐந்து நாய்களையும் தம்பியின் லோரியில் ஏற்றிக்கொண்டு அவன் ஊரான சுங்கை பெசாருக்கே போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அந்த எஸ்டேட்டை விட்டு எங்கும் போய் இருந்ததில்லை அவள். வழியனுப்ப ஒருவரும் வெளியே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, கோலா சிலாங்கூர் டவுனிலிருந்து மிருக டாக்டர் ஷெல்லி கணேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். நல்லம்மாள் அனுப்பியதாகச் சொன்னார்.

பின்வாசலில் காவலுக்குக் கட்டியிருந்த பெட்டை நாய் இந்த வருஷமும் குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நித்தியா மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுங்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்திருக்கீங்களா?"

"வீட்டு நாய்க்கு எதுக்கு டாக்டர்? இது வெளிய எங்கயும் போகாது."

ஷெல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டார். கணேஸ்வரன் சண்டை போட்ட மறுநாளே நல்லம்மாள் தன் நாய்களின் கழிவையும் வேலியோரம் கிடந்த இந்த வீட்டு நாய்களின் கழிவையும் சோதனைக்குக் கொண்டுவந்து கொடுத்தாளாம். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் ரிசல்ட் அவள் கைக்கு வந்ததாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்து வளர்த்ததால் அவளுடைய ஐந்து நாய்களுக்கும் புழு இல்லை. இந்த நாய்க்கும் குட்டிகளுக்கும்தான் வயிறு நிறையப் புழு.

"உங்ககிட்ட சொல்லக் கூடாது, மருந்து மட்டும் கொடுத்துட்டு வந்துருங்கன்னுதான் சொன்னாங்க. ஆனா பிள்ளைக்கு இன்னொரு கண்ணு இருக்கு. நான் சொல்லாம போக முடியாது."

கணேஸ்வரன் நித்தியாவின் மடியிலிருந்து குட்டியைத் தூக்கினான்.

"ரிசல்ட் கையில இருந்துச்சே. ஏன் காட்டாம போனாங்க?"

"நானும் கேட்டேன். 'என்னைத் திட்டிக்கிட்டாவது அவன் இருந்துருவான் டாக்டர். தன் வீட்டு நாய்தான்னு தெரிஞ்சா, அந்தப் பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பான்?'னு சொன்னாங்க."