ஒச்சம்மாளுக்கு ஒரு பக்கம்

மாலை போட்ட படத்தை நிருபர் ரொனால்டின் மேசைமேல் வைத்தாள் தீபா. படத்தில் ஒச்சம்மாள், தீபாவின் அம்மா. ரொனால்டு எழுந்து நின்றுவிட்டார்.

"எப்பம்மா ஆச்சு?"

"விடியக்காலைலண்ணே. நாளைக்குப் பேப்பர்ல வந்துரணும். நாளை சாயந்தரம் அம்மா பக்கத்தை அழிச்சிருவாய்ங்க."

இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பக்கத்தை எழுதியவள் தீபாதான். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கேட்டு, கேரளா போகிற லாரிக்குக் குறுக்கே படுத்தவள் ஒச்சம்மாள். லாரி நிற்கவில்லை. இரண்டு காலும் போயிற்று. பிறகு கக்கூஸ் வந்தது. சுவரில் 'உபயம்' என்று மண்டி முதலாளியின் பேர் வந்தது. ஒச்சம்மாள் பேர் இருந்த ஒரே இடம் அந்தப் பக்கம்தான்.

அதன் தலையில் எவனோ சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தான்: 'குறிப்பிடத்தக்கவர் அல்லர். அச்சில் ஆதாரம் இல்லை. நீக்கலாம்.' அதே களஞ்சியத்தில் சீமைப் பிரபு ஒருவரின் குதிரைக்கு முழுப் பக்கம் இருந்தது. குதிரையைப் பற்றிப் பேப்பரில் வந்திருந்ததாம்.

மண்டிப் பொம்பளைகள் அத்தனை பேரும் சாட்சி சொல்வதாகச் சொன்னார்கள். வாய்ச்சொல் செல்லாது என்று பதில் வந்தது.

"போன வாரம் கால்ல விழுகாத குறையாக் கேட்டேன். உசுரோட கெடக்குற கெழவிக்கு என்ன நியூஸுன்னீக," என்றாள் தீபா. "இப்பப் போடலாம்ல?"

ரொனால்டு தலையைக் குனிந்துகொண்டார். "போட்ருவோம்மா. எப்ப எடுக்குறீங்க? மாலை வாங்கிட்டு வாரேன்."

"சொந்த ஊரு சித்தையன்கோட்டைக்குக் கொண்டு போறோம்ணே. நீங்க அம்புட்டுத் தூரம் அலையாதீக."

வாசல் டீக்கடையில் இட்லி பொட்டலம் கட்டச் சொன்னாள். "சாம்பார் காரமில்லாம இருக்கட்டும்." சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று ரொனால்டே காசு கொடுத்தார்.

மறுநாள் விரலளவுக்கு ஒரு செய்தி வந்தது: 'மண்டிப் பெண்களுக்காகப் போராடிய ஒச்சம்மாள் காலமானார்.' தீபா அதைப் படம் பிடித்து ஏற்றினாள். அதற்குப் பிறகு போனைக் கீழே வைக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் சிவப்புப் பட்டை மறைந்தது. 'ஆதாரம் ஏற்கப்பட்டது. பக்கம் நீடிக்கும்.' பேருக்குக் கீழே யாரோ இறந்த தேதியையும் சேர்த்திருந்தார்கள்.

தீபா போனைக் கீழே வைத்தாள். உள்ளே கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"ஏத்தா, நான் செத்தது போதுமாமா?"