போன் பண்ணினவன்

"அண்ணே, திரும்பிப் பார்க்காதீங்க. பேசாம இந்தக் கடைக்குள்ள வாங்க" என்று பெயிண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தான் வெல்டர்.

சந்தை வாசலில் குடியேற்ற அதிகாரிகள் இரண்டு பேர் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. மகள் மூன்றாவது படிக்கும்போது லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்து எல்லை தாண்டி வந்தவர். பாஸ்போர்ட்டை ஏஜென்ட் வழியிலேயே பிடுங்கிக்கொண்டான். அந்த மகளுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இந்த நேரம் பார்த்து மனுஷன் மாட்டினால் அந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆகும் என்பதுதான் வெல்டருக்குக் கவலை.

நுழைந்தது செருப்புக் கடை. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு ஜோடியாக அவர் காலில் மாட்டிக் கழற்றினான். அவரோ நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிகள் கிளம்பிப் போனதும்தான் வெல்டருக்கு மூச்சு வந்தது. பெயிண்டர் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பயந்துவிட்டார் பாவம் என்று அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

மறுவாரம் பஸ் நிறுத்தத்தில் அதே இரண்டு பேர். வெல்டர் யோசிக்கவே இல்லை. எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் பெயிண்டரைத் தள்ளி ஏற்றிவிட்டான். வேலைக்குப் போக வேண்டியவர் ஊர் எல்லையில் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பினார்.

"உனக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்று வந்ததும் வராததுமாக எரிந்து விழுந்தார்.

நல்லதுக்குக் காலமில்லை என்று வெல்டர் முணுமுணுத்துக்கொண்டான். ஆனால் கோபம் வரவில்லை. கூடப் பிறந்தவர் மாதிரிதானே, திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

சந்தைக்காரம்மா ஒரு சேதி சொன்னாள். அதிகாரிகள் வந்து, நீலக் கட்டம் போட்ட சட்டை, கையெல்லாம் பெயின்ட் கறை என்று அடையாளம் சொல்லி விசாரித்தார்களாம். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்களாம். அவ்வளவுதான், வெல்டருக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யார் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. வெல்டரும் பெயிண்டரும் இருந்த அறையில் மூன்றாவது ஆளாகத் தங்கியிருந்த பார்பர்தான்.

டிவியில் எல்லையை மூடலாமா வேண்டாமா என்று விவாதம் வந்துவிட்டால் போதும், பார்பருக்குச் சாப்பாடு இறங்காது. மூடணும், திருட்டுத்தனமாக வந்தவனையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பணும் என்று டிவியோடு சேர்ந்து கத்துவார். பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாதம் பிசைந்துகொண்டிருப்பார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்காது.

அன்று வெல்டர் நேரடியாகவே கேட்டுவிட்டான். பார்பர் முகம் சுருங்கிப் போனது.

"ஆறு வருஷம் வரிசையில நின்னு முறையா வந்தவன்டா நான். குறுக்கு வழியில வரக்கூடாதுன்னு சொன்னேன், இன்னமும் சொல்லுவேன். அதுக்காக ஒரே சட்டியில சாப்பிடற மனுஷனைக் காட்டிக் கொடுப்பேனா?"

பெயிண்டர் குறுக்கே வந்து, அவர் மேல் பழி போடாதே என்று வெல்டரை அடக்கினார். இப்படி எல்லாரையும் நம்பி நம்பியே ஏமாறுகிற ஆள் என்று வெல்டர் தலையில் அடித்துக்கொண்டான். முதல் வேலையாக அந்த நீலச் சட்டையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தான். பெயிண்டர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கூடவே போனான்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், வெல்டர் வேலையில் இருக்கும்போது போன் வந்தது. பெயிண்டரைச் சந்தையில் பிடித்துவிட்டார்கள். அதே நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தாராம். எப்படித்தான் தேடி எடுத்தாரோ, மறதிக்கும் ஒரு அளவில்லையா என்று வெல்டர் வழியெல்லாம் புலம்பினான். பார்பர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, பெயிண்டரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தடுப்பு முகாமில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெயிண்டர் வந்து உட்கார்ந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். பல மாதங்களாக இல்லாத தெளிவு. வியாழக்கிழமையே விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம், சாப்பாடுகூட மோசமில்லையாம். நமக்குத் தைரியம் சொல்வதற்காக இப்படிப் பேசுகிறாரே என்று வெல்டருக்கு அழுகை முட்டியது.

"போன் பண்ணினவன் மட்டும் என் கண்ணுல படட்டும்ணே, அவன் கையை முறிச்சுடறேன்" என்றான்.

பெயிண்டர் சிரித்தார்.

"முறிச்சுடாதப்பா. ஊருக்கு அனுப்புங்கன்னு நானா போய் நின்னா, பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு ஒரு வருஷம் ஆகும்னாங்க. பிடிபட்டவனை ஒரே வாரத்துல அனுப்பிடறாங்க. சொன்னா நீ விடமாட்டேன்னுதான் சொல்லலை, ரெண்டு தடவை காப்பாத்திக் காப்பாத்தியே கெடுத்துட்டே. கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் அனுப்பிட்டேன், அப்பனை மட்டும்தான் இன்னும் அனுப்பலை. ஞாயித்துக்கிழமை எம்பொண்ணை மாப்பிள்ளைகிட்ட ஒப்படைக்க, எனக்கு இந்தக் கை வேணும்."