காளை எங்கே?

கோர்ட் வராந்தாவில் நின்ற சென்னிமலை மெல்லக் கேட்டார்.

"காளை எங்கேன்னு ஜட்ஜய்யா கேட்டா என்னங்க சொல்றது?"

"செத்துப்போச்சுன்னு சொல்லுங்க" என்றான் பக்கத்தில் நின்ற மாரப்பன்.

"நம்போணுமில்லீங்க! வித்துப்போட்டேன்னு உள்ள தள்ளீருவாங்க. கூப்புட்டப்பக் கொண்டாறேன்னு கைநாட்டு வெச்சுத்தான் ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். வேலந்தாவளம் சந்தையில போலீஸ் அதைப் புடிச்சது எழுபதுலீங்க. இப்ப எழுபத்தேழு. வாய்தா மேல வாய்தா போட்டா மாடு உசுரோட இருக்குமுங்களா?"

டவாலி இருவர் பெயரையும் கூப்பிட்டான். சென்னிமலை தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மாரப்பன் அவர் தோளைத் தட்டினான்.

"எனக்கொண்ணும் பயமில்லீங்க. கோர்ட்டுல காட்டோணுங்கற தொண்டி மாடு இல்லீன்னா, திருடுன என்னைய விட்டுருவாங்க. பறிகொடுத்த உங்களைத்தான் என்ன பண்ணுவாங்களோ, தெரியலீங்க!"