மூன்று பேருக்கும் அம்மா

வீட்டை வாங்கியவர் சாவிக்காக வாசலில் காத்திருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் சண்டை ஓயவில்லை.

“மூணு பேருக்கும் தனித்தனி ஃபோல்டர் போட்டாச்சு. அம்மா படமெல்லாம் என் ஃபோல்டர்லதான் இருக்கும். நான் மூத்தவன்” என்றான் துபாயிலிருந்து வந்திருந்த ரெமிஜியஸ்.

“அப்ப எனக்கு?” தம்பி எல்வின் மேசையில் அடித்தான்.

“நீ காப்பி எடுத்துக்கடா.”

“எனக்கு மட்டும் காப்பியா? பூண்டி மாதா கோயிலுக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போயி படம் எடுத்ததே நான்தான்!”

எல்வின் கை ஓங்கியதும் தங்கை லின்சி குறுக்கே புகுந்தாள்.

“ஃபோல்டரே வேணாம்ண்ணே! ஒவ்வொரு படத்துக்கும் நம்ம மூணு பேரையும் டேக் போட்டுடறேன். யார் பேர அடிச்சுத் தேடினாலும் அம்மா வருவாங்க.”

போட்டாள். ரெமிஜியஸ் என்று அடித்தாள், அம்மா சிரித்தாள். எல்வின் என்று அடித்தாள், அதே அம்மா. லின்சிக்கும் அதே சிரிப்பு.

“இனிமே அம்மா நம்ம எல்லார்கிட்டயும் இருப்பாங்க” என்று எல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சமையலறைக் கதவு திறந்தது. கையில் துணிப்பையும் ஜெபமாலையுமாக அம்மா வந்து நின்றாள்.

“படத்தையெல்லாம் பிரிச்சாச்சா? நல்லதுப்பா. வீட்டையும் பூட்டப் போறீங்க. இப்ப நான் யாரு வண்டில ஏறட்டும்?”

மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.