விக்டரின் கட்டைவிரல்

"சிஸ்டர், இங்கன வந்து பாருங்க இந்தக் கூத்தை!"

ஆஸ்பத்திரி ஆயா கிருபையின் குரல் கேட்டு நர்ஸ் ஜாய் ஓடிவந்தாள்.

திரைக்குப் பின்னால் விக்டரின் உடல் கிடந்தது. சங்கு குளிக்கப் போன இடத்தில் வள்ளம் கவிழ்ந்துவிட்டது. மிதந்து வந்தவனை வேறு படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து சேரும்போதே உயிர் இல்லை.

பக்கத்தில் அவன் மனைவி அனிஷா. கரையில் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தது. புருஷனின் கட்டைவிரலைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்து, அவன் இடுப்பில் பாலித்தீன் கவரில் கட்டியிருந்த போனை உருவி, அதில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன் திறக்கவில்லை.

"ஏம்மா, தண்ணியில ஊறுன விரலு. உசுரும் போயாச்சு. அது எப்படித் தொறக்கும்?" என்றாள் ஜாய்.

அனிஷா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி துடைத்தாள். மறுபடி வைத்தாள்.

"கட்டுனவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, அதுக்குள்ள போனைக் கிண்டுதா பாருங்க!" கிருபைக்கு வாய் அடங்கவில்லை. "ஏளா, அதுல எவ மெசேஜைத் தேடுத? இனி அவகிட்டப் போயி சண்டையா போடப் போற?"

"சும்மா இரு கிருபை." சொன்னாளே தவிர, ஜாய்க்கும் மனசு கசந்தது. பதினெட்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இது புதுசு.

சட்டென்று அனிஷா அந்தக் கட்டைவிரலைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ மாதாவே!" கிருபை பின்வாங்கினாள்.

சூடேற்றுகிறாள் என்பது ஜாய்க்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஒரு நிமிஷம் கழித்து அனிஷா விரலை வெளியே எடுத்து, ஈரம் துடைத்து, போனில் வைத்தாள்.

போன் ஒருமுறை அதிர்ந்தது. இனி விரல் செல்லாது, நம்பரைப் போடு என்றது திரை.

"நம்பர் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினாள்.

"அப்ப போதும், கொடு." ஜாய் போனைப் பிடுங்கினாள். "செத்தவங்க சாமானை எழுதி போலீஸ்ட்ட ஒப்படைக்கணும். அப்படி என்னம்மா தலைபோற அவசரம் உனக்கு?"

அனிஷாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஜாய் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"சங்கு கெடக்குற எடத்தை அவரு ஒருத்தருக்கும் காட்ட மாட்டாரு, சிஸ்டர். போன்ல குறிச்சுப் பூட்டி வச்சிருவாரு. இவரு மிதந்து வந்த எடத்துல தேடிப் பாத்துட்டாங்க, காணல. கூடப் போன மரியான் கவுந்த வள்ளத்தைப் பிடிச்சிக்கிட்டு இன்னும் அங்கனதான் கெடப்பான்... எந்தத் திக்குல போகன்னு கேட்டு முப்பது படகு கடல்ல நிக்கு."